கொழும்புக்குப் போகும் குடும்பமும் தெருவோரச் சிற்றுண்டியும்

பள்ளி விடுமுறை நெருங்கிவிட்டால் பல இல்லங்களில் கொழும்புப் பயணம் பற்றிய பேச்சுத் தொடங்கிவிடுகிறது. இளைய பிள்ளைகளுக்குத் தெஹிவளை மிருகக்காட்சிசாலையைக் காட்ட வேண்டும். மூத்தவளின் கடவுச்சீட்டு வேலையைப் பத்தரமுல்லையில் முடிக்க வேண்டும். பாட்டியாரின் கண்ணை ஒரு நிபுணரிடம் காட்டிவர வேண்டும். காரணம் எதுவாயினும், புறப்படுமுன் குடும்பத் தலைவர் ஒரு தாளும் பென்சிலுமாக அமர்வார். புகைவண்டிக் கட்டணம் இவ்வளவு, தங்குமிடத்துக்கு இவ்வளவு, முச்சக்கர வண்டிக்கு இவ்வளவு என ஒவ்வொன்றாக எழுதுவார். கடைசியில் ‘சாப்பாடு’ என்று எழுதி, அதற்கு நேரே மனத்தில் தோன்றிய ஒரு தொகையைப் போட்டுக் கோடு கிழித்துவிடுவார். பயணக் கணக்குப் பிசகுவது பெரும்பாலும் அந்தக் கடைசி வரியிலேதான்.

இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. கட்டணமும் வாடகையும் ஒருமுறை கொடுத்தால் தீர்ந்தன. பசியோ நாளொன்றுக்கு மும்முறை வருவது; பிள்ளைகள் உடனிருந்தால் ஐந்து முறையும் வரும். ஐவர் கொண்ட குடும்பம் மூன்று நாள் தங்கினால் 45 சாப்பாடுகள் ஆகின்றன. இடையிடையே தேநீரும் குளிர்பானமும் கச்சானும் வேறு. 2022 செப்டெம்பரில் கொழும்பில் உணவுப் பொருள்களின் விலை, முந்திய ஆண்டின் அதே மாதத்தைவிட ஏறக்குறைய 95 வீதம் உயர்ந்திருந்தது. அவ்வேற்றத்தின் வேகம் பின்னர் தணிந்ததேயன்றி, ஏறிய விலைகள் பழைய படிக்கு இறங்கி வரவில்லை. எனவே, சாப்பாட்டுச் செலவை நினைத்தே பயணத்தை அடுத்த விடுமுறைக்குத் தள்ளிப்போடும் குடும்பங்கள் இன்று உண்டு. வைத்தியத்துக்காக வருவோர் அப்படித் தள்ளிப்போடவும் இயலாது. மகரகமை அபேக்ஷா வைத்தியசாலையிலோ, சீமாட்டி றிஜ்வே சிறுவர் வைத்தியசாலையிலோ ஒருவரை அனுமதித்துவிட்டு, வெளியே காத்திருக்கும் உறவினர் நாட்கணக்கில் எங்ஙனம் உண்பது என்பது விளையாட்டான கேள்வியன்று.

முன்னைய தலைமுறையினர் இதற்குக் கட்டுச்சோறு என்னும் விடையை வைத்திருந்தனர். 1956 இல் ஓடத் தொடங்கிய யாழ்தேவியில் வாழையிலையில் பொதிந்த புளிச்சாதமும் பிட்டும் வாழைப்பழமும் பயணஞ் செய்யாத நாள் இருந்திராது. 1990 இல் தடைப்பட்ட அந்த வண்டி, 2014 இல் மீண்டும் யாழ்ப்பாணத்தைச் சென்றடைந்தபோது கட்டுச்சோறும் கூடவே திரும்பி வந்தது. ஆயினும் கட்டுச்சோறு முதல்நாள் மதியத்தோடு முடிந்துபோகும். மறுநாட்காலை விடியும்போது, அறிமுகமில்லாத நகரில், பசித்த பிள்ளைகளோடு தெருவில் நிற்பதே மெய்யான நிலைமை.

அவ்வேளையில் நம்மவர்கள் பெரும்பாலும் எங்கே நுழைகிறார்கள்? கண்ணாடிக் கதவும் குளிரூட்டியும் மினுங்கும் மேசைகளும் உள்ள போசனசாலைக்குள் நுழைகிறார்கள். தெருவோரத்துக் கைவண்டியைக் கண்டால் மூக்கைச் சுளிக்கிறார்கள். “காசு போனாலும் பரவாயில்லை, வயிறு கெடாமல் இருந்தால் போதும்” என்பது அவர்கள் கூறும் நியாயம். காசு போகிறது, அதில் ஐயமில்லை. வயிறு கெடாமல் இருக்கும் என்பதற்குத்தான் கண்ணாடிக் கதவு உறுதி தருவதில்லை.

ஏன் எனில், உணவைக் கெடுப்பது தெருவன்று. நேரமும் வெப்பமுமே கெடுக்கின்றன. நோயுண்டாக்கும் கிருமிகளிற் பெரும்பாலானவை 5 பாகைக்கும் 60 பாகை செல்சியசுக்கும் இடைப்பட்ட வெப்பத்திலே விரைந்து பெருகுகின்றன. கொழும்பின் பகல் வெப்பம் அவற்றுக்கு மிகவும் இசைவானது. சமைத்த உணவைச் சாதாரண வெப்பநிலையில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கலாகாது என்று உலக சுகாதார நிறுவனம் அறிவுறுத்துகிறது. இந்த ஓர் உண்மையை மனத்திற்கொண்டு தெருவைப் பாருங்கள். கொதிக்கும் எண்ணெயிலிருந்து உங்கள் கண்முன்னே எடுத்த உழுந்து வடை, வழியருகே நிற்கும் வண்டியில் இருந்தாலும் தீயினாலே தூய்மை பெற்றது. கண்ணாடி அலுமாரிக்குள் ஒரு சிறு மின்விளக்கின் கீழே காலையிலிருந்து மாலைவரை வெதுவெதுப்பாகக் கிடக்கும் மீன் பற்றிஸ், பளிங்குத் தளத்தில் இருந்தாலும் கிருமிகளுக்கு வாய்த்த நல்ல விடுதியாகும்.

நம் நாட்டுத் தேநீர்ச்சாலைகளில் இன்னொரு வழக்கமும் உண்டு. நீங்கள் தேநீர் கேட்டவுடன், றோல்ஸ், கட்லட், வடை, பணிஸ் எல்லாவற்றையும் ஒரு பெரிய தட்டில் அடுக்கி மேசைமேல் வைத்துவிடுவார்கள். உண்டதற்கு மட்டும் காசு. எஞ்சியவை அடுத்த மேசைக்குப் போகும். பழகிய, விருந்தோம்பல் மணக்கின்ற வழக்கந்தான். ஆனால் அந்தத் தட்டிலுள்ள கட்லட் உங்களிடம் வருமுன் எத்தனை மேசைகளைத் தரிசித்ததோ, எத்தனை சிறு விரல்கள் அதனை அமுக்கிப் பார்த்தனவோ, யார் அறிவார்? பிள்ளைகளோடு செல்பவர்கள் தட்டைத் திருப்பியனுப்பிவிட்டு, வேண்டியதைச் சூடாகத் தனியே கொண்டுவரச் சொல்வது நன்று. இதிலே பணமும் மிஞ்சும். கண்முன்னே தட்டு இருக்கும்வரை கை நீளாமல் இராது.

ஆகவே தெருவோரத்தில் உண்ணும்போது இடத்தைவிட வேளையே முக்கியமாகும். கொழும்பு ஒவ்வொரு வேளைக்கும் ஒவ்வொரு பண்டத்தைப் புதிதாகச் சமைக்கிறது. அந்தந்த வேளைக்குரியதை அந்தந்த வேளையில் உண்பவருக்கு உணவு மலிவாகவும் புதிதாகவும் கிடைக்கும். வேளை தப்பிப்போய்க் கேட்பவருக்கு மிச்சந்தான் கிடைக்கும்.

விடியற்காலையில் நடைபாதைகளிலும் பூங்காக்களின் அருகிலும் கொலகந்த விற்பார்கள். வல்லாரை, சாத்தாவாரி போன்ற இலைகளை அரைத்துச் சாறெடுத்து, அரிசியும் தேங்காய்ப்பாலும் சேர்த்துக் காய்ச்சிய கஞ்சி அது. கூடவே கித்துள் கருப்பட்டித் துண்டு ஒன்றும் தருவார்கள். பச்சை நிறத்தைக் கண்டு பிள்ளைகள் முகஞ்சுளிப்பர். கருப்பட்டியைக் காட்டினால் வழிக்கு வருவர். சுடச்சுட இருந்தால் மாத்திரம் வாங்குக. ஆறிப்போயிருந்தால் அடுத்த வண்டியைப் பார்க்கலாம்.

காலையுணவுக்கு இடியப்பமும் சம்பலும் சொதியும் எந்தச் சந்தியிலும் கிடைக்கும். செட்டியார் தெருவிலும் வெள்ளவத்தையிலும் உள்ள சைவ ஓட்டல்களில் தோசை கல்லிலிருந்து நேரே இலைக்கு வரும். இங்கே சைவக் குடும்பத்தினருக்கு ஒன்று சொல்லவேண்டும். சைவக்கடை அல்லாத இடங்களிற் சம்பல் வாங்கும்போது அதில் மாசி இருக்கிறதா என்று கேட்டறிதல் அவசியம். கட்டைச்சம்பலிலும் சீனிச்சம்பலிலும் மாசிக் கருவாட்டை இடித்துச் சேர்ப்பது தென்னிலங்கையிற் பொதுவழக்கு. விற்பவர் வஞ்சிப்பதில்லை, அவருடைய எண்ணத்தில் மாசி இல்லாதது சம்பலேயன்று. அதுபோலவே, இறால் வடை பொரித்த எண்ணெயிலே பருப்பு வடையையும் பொரிப்பார்கள். கேட்டால் உள்ளதைச் சொல்லுவார்கள். கேட்க நாம்தான் கூச்சப்படுகிறோம்.

உறவினர் வீட்டில் தங்குவோருக்குக் காலையில் வேறொரு வசதியும் உண்டு. பாணும் பணிஸும் ஏற்றிய முச்சக்கர வண்டி ஒழுங்கைக்குள் இசை முழக்கிக்கொண்டு வரும். ‘சூன் பாண்’ என்பது அதன் பெயர். அது முழக்கும் இசை, பீத்தோவன் என்னும் ஜெர்மானிய இசைமேதை பியானோவுக்காக எழுதிய ‘பியூர் எலீஸ்’ என்பதை மாணவர்கள் அறிந்து வைத்திருக்கலாம். சங்கீத சபைகளில் கேட்க வேண்டியதைச் சம்பல் பணிஸுக்காகக் கேட்பது நம் நாட்டுக்கே உரிய பாக்கியம்.

மதியத்துக்கு மலிவில் இணையற்றது சோற்றுப் பார்சல்தான். கந்தோர்கள் நிறைந்த கோட்டையிலும் கொம்பனித்தெருவிலும், பெரிய வைத்தியசாலைகளின் வாயில்களிலும், மதியம் நெருங்கும்போது பார்சல்கள் அடுக்கடுக்காக வந்திறங்கும். சோறு, பருப்பு, இரண்டு மரக்கறி, ஒரு மீன்துண்டு அல்லது முட்டை, மேலே ஒரு பப்படம் என்பது பொதுவான அமைப்பு. சோறு தாராளமாக இருக்கும். சிறுபிள்ளைகள் இருவருக்கு ஒன்று போதும். ஐவருக்கு மூன்று பார்சலும் ஒரு முட்டைப் பொரியலும் வாங்கி, விகாரமகாதேவிப் பூங்காவின் மரநிழலில் அமர்ந்து உண்ணும் குடும்பம், போசனசாலையிற் கொடுப்பதில் ஒரு சிறு பங்கைத்தான் செலவிடுகிறது.

ஆனால் பார்சலின் ஆயுள் குறுகியது. பன்னிரண்டு மணிக்கு வாங்கிய பார்சல் அமுது. மூன்று மணிக்கு அதே பார்சல் ஐயத்துக்குரியது. அரிசியில் இயல்பாகவே காணப்படும் பசிலஸ் செரியஸ் என்னும் கிருமியின் வித்திகள் சோறு கொதிக்கும்போதும் சாவதில்லை. சோறு வெதுவெதுப்பாக நெடுநேரம் கிடந்தால் அவை முளைத்துப் பெருகி ஒருவகை நஞ்சை உண்டாக்கும். அந்த நஞ்சு, மீண்டும் சூடாக்கினாலும் அழியாத தன்மையுடையது. “சூடாக்கித் தருகிறோம்” என்ற சொல் வடைக்கும் ரொட்டிக்கும் பொருந்தும். பழைய சோற்றுக்குப் பொருந்தாது. மிச்சத்தை மாலைக்கு வைத்துக்கொள்வோம் என்னும் சிக்கனம் இந்த ஓரிடத்தில் மாத்திரம் வேண்டாம். சிக்கனம் விரும்புவோர் ஒரு பார்சலைக் குறைத்து வாங்குவதே தக்கது.

பார்சல் சுற்றிவரும் தாளையும் பாருங்கள். பொலித்தீன் ‘லஞ்ச் சீற்’ 2017 செப்டெம்பர் முதல் நம் நாட்டில் தடைசெய்யப்பட்டது. தடையை மதித்து வாழையிலையிலோ வேறு தகுந்த தாளிலோ சுற்றிக் கொடுக்கும் கடைக்காரர் மற்றச் சிறு விதிகளையும் மதிப்பவராக இருத்தல் கூடும். இது நிரூபணமன்று; ஆயினும் பயணியின் கைக்கு அகப்படும் அடையாளங்கள் இத்தகையனவே.

மாலையாகிவிட்டால் காலிமுகத்திடலுக்குப் போகாமல் ஊர் திரும்பும் குடும்பம் உண்டோ? கடலோரத்து இந்தப் பசும்புல் வெளியின் நடைபாதையை அமைத்தவர் ஆளுநர் சேர் ஹென்றி வார்ட். 1856 இல் தொடங்கிய வேலை 1859 இல் நிறைவுற்றது. கொழும்பின் பெண்களும் பிள்ளைகளும் பயன்பெறும் பொருட்டு இதனைப் பேணுமாறு தமக்குப்பின் வரும் ஆளுநர்களை அவர் கேட்டுக்கொண்ட செய்தி அங்கே கல்லிற் பொறிக்கப்பட்டிருக்கிறது. ஆளுநர்கள் போய்விட்டனர், பெண்களும் பிள்ளைகளும் இன்றும் வருகின்றனர். கூடவே பட்டம் விற்பவரும் கச்சான் விற்பவரும் வந்துவிட்டார்கள்.

இங்கே அரசு வீற்றிருப்பது இறால் வடை. ‘இஸ்ஸோ வடை’ என்றால் எல்லா மொழியினருக்கும் விளங்கும். தட்டையான பருப்பு வடையின் மேல் ஓடும் தலையும் நீங்காத சிறு இறால்கள் இரண்டு மூன்றை அமுக்கிப் பொரித்தெடுப்பார்கள். பொழுது சாயுமுன்னே ஒரு முறை பொரித்து, கண்ணாடி பதித்த வண்டிகளில் கோபுரம் போல் அடுக்கிவிடுவது வழக்கம். காட்சிக்கு அது அழகு. ஆனால் அந்தக் கோபுரத்திலிருந்து எடுத்துத் தருவதை அப்படியே வாங்கலாகாது. அங்கே ஒரு நாள் மாலை, யாழ்ப்பாணத்திலிருந்து வந்த தாய் ஒருவர் இதை மிக நயமாகக் கையாண்டதைக் கண்டேன்.

“அண்ணை, உது ஆறினது போலக் கிடக்கு. பிள்ளையளுக்குத்தான் கேக்கிறன். புதுசாப் பொரிச்சுத் தருவீங்களே?”

வண்டிக்காரர் ஓர் இஸ்லாமியப் பெரியவர். முகங்கோணவில்லை.

“அதுக்கென்ன தங்கச்சி, அஞ்சு நிமிஷம் நில்லுங்க. சட்டியில போட்டே தாறேன்.”

அவர் சொன்னபடியே மாவை அமுக்கிப் புதிதாக எண்ணெயில் இட்டார். சூடான வடையைக் கண்டதும் அருகில் நின்ற மூவரும் தங்களுக்கும் அவ்வாறே வேண்டுமென்றனர். தெருவோர வணிகரை நாம் சோதிக்க வேண்டியதில்லை, கேட்டால் போதும். நாளை மாலையும் அதே இடத்தில் நிற்கவேண்டியவர் அவர்.

வடை சூடாக இருந்தாலும் அதன் மேலே அள்ளிப்போடும் வெங்காயமும் வெள்ளரிக்காயும் பச்சையானவை. எந்த நீரிற் கழுவியவை என்பது நமக்குத் தெரியாது. வளர்ந்தவர்கள் தங்கள் விருப்பம்போல் செய்யலாம். சிறுவருக்கு அது வேண்டாம் என்றே சொல்லுவேன். இறாலின் தலை முள் குழந்தையின் தொண்டையைக் குத்தக்கூடுமாதலால் அதை முதலில் ஒடித்தெறிய வேண்டும். இறால் ஒவ்வாத பிள்ளைகளும் உளர். முன்பு இறால் உண்டு தடிப்புக் கண்ட பிள்ளைக்கு இவ்வண்டிப் பக்கமே ஆகாது. அத்தகையோருக்கு அடுத்த வண்டியில் தேங்காய்ச் சொட்டும் செத்தல் மிளகாயும் சேர்த்துத் தாளித்த கடலையும், உப்பும் மிளகாய்த்தூளும் தூவிய மரவள்ளிப் பொரியலும் காத்திருக்கின்றன. ஆனால் வடை பொரித்த எண்ணெயிலேயே மரவள்ளியும் பொரிக்கப்பட்டதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

அச்சாறு பற்றிப் பெற்றோர் பெரிதும் அஞ்சுவர். அன்னாசி, மாங்காய், அம்பரலங்காய் ஆகியவற்றை வினாகிரியும் உப்பும் மிளகாயும் சேர்த்துப் பிசறி வைத்திருப்பார்கள். புளிப்பும் உப்பும் கிருமிகளை ஓரளவு அடக்குவன. ஆகையால் வினாகிரியில் ஊறிய அச்சாறு, வெட்டி வெயிலில் வைத்த பப்பாளித் துண்டிலும் மேலானது. எனினும் ஈ மொய்க்கும் பாத்திரத்தை எந்த வினாகிரியும் காப்பாற்றாது.

இரவுக்குப் புதுக்கடை. பகலில் வழக்கறிஞர்களும் வழக்காளிகளும் நிறைந்திருக்கும் நீதிமன்ற வட்டாரம், இருட்டியதும் புகையும் நெய்மணமுமாக உருமாறிவிடும். கொத்து ரொட்டி போடும் ஓசை தெருமுனைக்கே கேட்கும். இரும்புத் தகட்டில் இரு தகட்டுக் கத்திகளும் மோதும் அந்தத் தாளத்தைக் கேட்டவுடனே பசியில்லாதவருக்கும் பசிக்கும். கிழக்கிலங்கையே இதன் தாயகம் என்று அப்பகுதியார் உரிமை கொண்டாடுவர். கொழும்பார் அதை மறுக்கவும் நேரமின்றி உண்டுகொண்டிருப்பர். ரொட்டி, முட்டை, மரக்கறி, இறைச்சி யாவும் காய்ந்த தகட்டில் நம் கண்முன்னே வேகுவதால் கொத்து பெரும்பாலும் நம்பத்தக்க உணவு. ஒரு கொத்து இருவருக்குத் தாராளம். “மிரிஸ் அடுவென்” என்று சொன்னால் மிளகாயைக் குறைத்துப் போடுவார்கள். பிட்டும் பாபத்தும் விரும்புவோர் கொம்பனித்தெருப் பக்கம் போகலாம். மலாய்க் குடும்பங்களும் முஸ்லிம் குடும்பங்களும் தலைமுறைகளாக வாழ்ந்துவரும் பகுதி அது. ஒழுங்கைகள் பல இடிக்கப்பட்டு உயர்மாடிகள் எழும்பிவிட்ட போதிலும் அடுப்புகள் முற்றாக அணைந்துவிடவில்லை. பாபத் என்பது மாட்டின் இரைப்பை. அறியாமல் வாங்கிவிட்டுப் பின்னர் வருந்துவோர் உண்டு என்பதால் இதைச் சொல்லிவைக்கிறேன்.

விலையைப் பற்றி வெளிப்படையாகப் பேசவேண்டியதும் புதுக்கடையிலேதான். 2024 ஏப்ரலில் வெளிநாட்டுப் பயணி ஒருவரிடம் ஒரு கொத்துக்கு 1,900 ரூபா கேட்கப்பட்டு, அவர் விலையை வினவியபோது மிரட்டப்பட்ட காட்சி படம்பிடிக்கப்பட்டு உலகெங்கும் பரவியது. வணிகர் கைதானார். நேர்மையாகத் தொழில் செய்யும் அண்டை அயலவர்கள் அனைவருக்கும் அது தலைகுனிவாயிற்று. இத்தகையது வெளிநாட்டவருக்கு மாத்திரம் நேர்வதன்று. வெளியூர்ப் பேச்சும் தோளிற் பையும் கொண்ட எவருக்கும் நேரலாம். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அதிகாரசபைச் சட்டத்தின்படி வணிகர் விலைப்பட்டியலைக் காட்சிக்கு வைத்தல் வேண்டும். பட்டியல் இருந்தால் அதைப் பாருங்கள், இல்லையேல், உட்காருமுன் “கீயத?” என்று சிங்களத்திலோ “எவ்வளவு?” என்று தமிழிலோ கேளுங்கள். உண்டபின் கேட்பது விலை விசாரிப்பதன்று, தீர்ப்புக் கேட்பது.

நான் கையாளும் அளவுகோல் ஒன்றுண்டு. எந்த வட்டாரத்துக்குச் சென்றாலும் முதலில் ‘பிளேன் ரீ’யின் விலையைக் கேட்பேன். பால் இல்லாத அந்த வெறுந்தேநீரில் தேயிலை, சீனி, வெந்நீர் என்பவற்றைத் தவிர வேறொன்றுமில்லை. அதற்கு ஒருவர் கேட்கும் விலையிலே அவருடைய கடை வாடகையும் மனச்சாட்சியும் இரண்டுமே தெரிந்துவிடும். தேநீருக்கு நியாயமான விலை கேட்பவரிடம் நம்பிக் கொத்துக்குச் சொல்லலாம். தேநீரே விலை மிகுந்திருந்தால் தேநீரோடு எழுந்துவிடலாம், நட்டம் சிறிது.

எந்த வண்டியின் முன்னே நிற்பது என்ற கேள்விக்குக் கூட்டத்தைப் பார் என்பது யாவரும் கூறும் விடை. அது பாதி சரி. கூட்டம் மிகுந்த இடத்திற் பண்டம் தேங்காது என்பது உண்மையே. ஆனால் எத்தகைய கூட்டம் என்றும் பார்க்கவேண்டும். சீருடையணிந்த பஸ் நடத்துநரும், முச்சக்கர வண்டிச் சாரதியும், பாடசாலைவிட்டு வரும் பிள்ளையைக் கையிற் பிடித்த தாயும் நிற்கும் வண்டியே நல்ல வண்டி. அவர்கள் நாள்தோறும் வருபவர்கள். ஒருநாள் வயிறு கெட்டால் மறுநாள் வரமாட்டார்கள். படம் பிடித்துக்கொண்டு நிற்கும் கூட்டம் நாளைக்கு வேறெங்கோ இருக்கும். பத்து வகை விற்பவரைவிட இரண்டு வகை விற்பவரையே நான் விரும்புவேன். அவரிடம் பழையது மிஞ்சுவது அரிது. காசு வாங்கும் கையும் உணவு தொடும் கையும் வேறு வேறாக உள்ளனவா என்பதையும் ஒரு கணம் கவனியுங்கள். கணவர் பொரிக்க, மனைவி காசு வாங்கும் வண்டிகள் இதிலே முதலிடம் பெறும்.

பயணத்திலே பிள்ளைகளின் வயிற்றைக் கெடுப்பது பெரும்பாலும் உணவு என்று நாம் எண்ணுகிறோம். நீரையும் பனிக்கட்டியையும் மறந்துவிடுகிறோம். கொழும்பின் குடிநீர் லபுகம, கலட்டுவாவ நீர்த்தேக்கங்களிலிருந்தும் களனியாற்றை அடுத்த அம்பத்தளையிலிருந்தும் சுத்திகரிக்கப்பட்டு வருகிறது. குழாயில் வரும்வரை அது நன்னீர். அதன்பின் கூரைத் தொட்டியிலும், மேசைமேலுள்ள கூசாவிலும், முன்னையவர் வாய்வைத்த குவளையிலும் அது என்ன ஆகிறது என்பதே கேள்வி. கொதிக்கவைத்த நீரை வீட்டிலிருந்து போத்தலிற் கொண்டுசெல்வதும் தங்குமிடத்தில் நிரப்பிக்கொள்வதும் காசையும் காக்கும். சர்பத்தும் பலூடாவும் பார்வைக்கு இனியன. பனிக்கட்டி எங்கிருந்து வந்தது என்பதை விற்பவரே சில வேளைகளில் அறியார். மீனுக்கு இடும் கட்டியும் பானத்துக்கு இடும் கட்டியும் தோற்றத்தில் ஒன்றே. தாகத்துக்குச் செவ்விளநீர் இருக்கும்போது வேறெதற்கு? வெட்டும் வரைக்கும் அதனுள் எந்தக் கையும் நுழைந்ததில்லை. உறிஞ்சுகுழலை மாத்திரம் மறுத்துவிட்டுக் கண்ணிலேயே வாய்வைத்துக் குடிக்கப் பிள்ளைகளைப் பழக்கலாம். சட்டை நனைவது பற்றித் தாய்மார் பொறுத்தருள வேண்டும்.

இவ்வளவும் பார்த்தும் ஒரு பிள்ளைக்கு வயிற்றோட்டம் கண்டால் கலங்க வேண்டியதில்லை. எந்த மருந்துக்கடையிலும் கிடைக்கும் ஜீவனிப் பொட்டலத்தை, அதன்மேற் குறித்த அளவு கொதித்தாறிய நீரிற் கரைத்துச் சிறிது சிறிதாகக் கொடுக்கவேண்டும். கிடைக்காவிடில் ஒரு லீற்றர் நீரில் மட்டமாக ஆறு தேக்கரண்டி சீனியும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்துக் கொடுக்கலாம். மலத்தோடு இரத்தம் போனாலும், பிள்ளை சோர்ந்து கண் உள்வாங்கினாலும், பல மணி நேரம் சிறுநீர் கழியாவிட்டாலும் வைத்தியரிடம் செல்லத் தாமதிக்கலாகாது. பலர் ஒரே கடையில் உண்டு நோயுற்றதாகத் தெரிந்தால் அப்பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் அறிவிப்பது கடமை. 1980 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க உணவுச் சட்டம் தெருவோர வண்டிக்கும் உயர்தரப் போசனசாலைக்கும் ஒரேபடியாக உரியது.

பயண நாளைத் தெரிந்தெடுக்க இயலுமாயின் வெசாக் காலத்தை நினைத்துப் பாருங்கள். அந்நாட்களிற் கொழும்பின் தெருக்களெங்கும் தன்சல்கள் திறந்திருக்கும். சோறும் கடலையும் மரவள்ளியும் குளிர்பானமும், சில இடங்களில் ஐஸ்கிரீமும், இன்ன சாதி இன்ன மதம் என்று கேளாது யாவருக்கும் இலவசமாக வழங்கப்படும். வரிசையில் நிற்பதற்கு வெட்கப்பட வேண்டியதில்லை. வந்து உண்பவரே தமக்குப் புண்ணியம் தருபவர் என்பது கொடுப்போரின் நம்பிக்கை. நடத்துவோர் சுகாதார வைத்திய அதிகாரியின் அலுவலகத்திற் பதிவுசெய்ய வேண்டும் என்பதும், பரிசோதகர்கள் சுற்றி வருவார்கள் என்பதும் நமக்கு மேலதிக உறுதி. நோன்பு மாதத்தின் மாலைகளில் புறக்கோட்டையிலும் மருதானையிலும் பள்ளிவாசல்களை அடுத்த தெருக்களில் சமோசாவும் கஞ்சியும் வட்டிலப்பமும் மலிந்திருக்கும். சூரியன் மறையும் நேரத்துக்கென்றே சமைக்கப்படுவதால் அவ்வேளையில் எல்லாம் புதிது. நோன்பு திறக்கும் நேரத்தில் மாத்திரம் வணிகரை அவசரப்படுத்தாதிருத்தல் பண்பு. அவரும் பகல் முழுதும் உண்ணாதவர்.

திரும்பும் நாளில் கோட்டைப் புகைவண்டி நிலையத்துக்கு ஒரு மணி நேரம் முன்னரே போய்விட்டால், எதிரே புறக்கோட்டையில் வழிக்கு வேண்டியதைப் பேரம்பேசி வாங்க அவகாசம் கிடைக்கும். தோலை நாமே உரிக்கும் பழம் வழிப்பயணத்துக்கு உகந்தது. கோழிக்கூட்டு வாழைப்பழம் விலை சற்றுக் கூடியதாயினும் நசுங்கினாற் சுவை போய்விடும். நீண்ட வழிக்கு அதனினும் திடமான பழமே நன்று. வண்டி புறப்பட்டபின் கூடைகளோடு ஏறும் வணிகர்கள் வடையையும் கடலையையும் மாணவர்களின் பழைய பயிற்சித் தாள்களிலும் வினாத்தாள்களிலும் சுருட்டித் தருவார்கள். எண்ணெய் வடியும் வடையைத் தாளின் மை பற்றிக்கொள்ளுமாதலால் அதற்கு நம் கையிலுள்ள வாழையிலைத் துண்டை நீட்டலாம். தோலோடு வறுத்த கச்சானுக்கு அந்தத் தாள் தீங்கில்லை. கச்சான் தீர்ந்தபின் சுருளைப் பிரித்து, யாரோ ஒரு மாணவன் பிழையாகச் செய்த கணக்கைச் சரிசெய்துகொண்டிருந்தால் பிள்ளைகளுக்கு அநுராதபுரம் வரை பொழுது போகும்.